க-வுக்கும் ம-வுக்கும் நடுவுல மாலி

குழல்ல ரி-யில இருந்து க-வுக்குப் போயிடலாம், கஷ்டமே இல்ல. க-வுல இருந்து ம-வுக்குப் போறதுலதான் நான் நாலு மாசமா மாட்டிக்கிட்டு நிக்கறேன்.

குழல் ஊதினவங்களுக்கு இது உடனே புரியும், மத்தவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். நம்ம கர்நாடக சங்கீதக் குழல்ல வாய் வைக்கிற துளை தவிர எட்டு துளை இருக்கு. எட்டாவதை யாரும் விரலால தொடறதில்ல, மீதி ஏழுக்கும் இடது கை மூணு விரலும் வலது கை நாலு விரலும். முதல் ரெண்டு துளையை மூடி ஊதினா ச. ஒண்ணை மட்டும் மூடினா ரி. எல்லாத்தையும் திறந்துட்டா க. சரி, அடுத்து ம வரணும், ஆனா திறக்கறதுக்கு இனிமே துளையே இல்லையே? அதனால ஒரேயடியா முதல் ஆறு துளையையும் மூடணும், மூடின அதே நொடியில ஊதுற அழுத்தத்தையும் கொஞ்சம் மாத்தணும், இல்லேன்னா கீழ் ஸ்தாயி மத்யமம், அதாவது கீழ்க் குரல்ல இருக்கிற ம-தான் வரும், ஏன்னா ரெண்டுக்கும் விரல் ஒண்ணுதான். பாடும்போது க-வுக்கும் ம-வுக்கும் நடுவுல அரை ஸ்வர தூரம்தான், தொண்டை அதைக் கவனிக்கறதுகூட இல்ல. குழல்ல அதே தூரம் ஆறு விரலும் காத்துல இருந்து ஒண்ணா கீழ இறங்குற தூரம். ஒரு விரல் ஒரு மயிரிழை லேட்டா வந்தாலும் நடுவுல ஒரு கீச்சு சத்தம் வந்துடும்.

இந்த இடத்துல உக்காந்து முட்டி மோதிக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு மாலி புரிய ஆரம்பிச்சார்.

மாலின்னா டி. ஆர். மகாலிங்கம். நடிகர் டி. ஆர். மகாலிங்கம் இல்ல, அவர் வேற, இவர் புல்லாங்குழல் மாலி. எங்க வீட்ல சின்ன வயசுல இருந்து கேட்ட பேரு. அப்பாவும் அவரோட சிநேகிதங்களும் சாயங்காலம் திண்ணையில உக்காந்தா எப்படியும் பேச்சு மாலிகிட்ட வந்து நிக்கும். ஆனா அவங்க பேசினது பூராவும் கதைதான். கச்சேரிக்கு வருவாரா மாட்டாரான்னு யாருக்கும் தெரியாது, வந்தா எப்ப ஆரம்பிப்பார்னு தெரியாது, ஆரம்பிச்சா எப்ப எழுந்து போவார்னு தெரியாது, இந்த மாதிரி. இன்னிக்கும் அவரைப் பத்தி யார் பேசினாலும் எழுதினாலும் முக்கால்வாசி இதுதான் இருக்கு. அதெல்லாம் பொய்னு நான் சொல்லல, அவர் அப்படி இருந்தது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஆனா அந்தக் கதைகளுக்கு அடியில அவர் விரல் புதைஞ்சு போயிடுச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு. விரலைப் பத்தியும் மூச்சைப் பத்தியும் பேசலாம், கதை தெரியணும்னா சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க.

1926 நவம்பர் 6, திருவிடைமருதூர்ல பொறந்தார். கும்பகோணத்துக்குப் பக்கம், மகாலிங்கசுவாமி கோயில் இருக்கிற ஊர். இந்தக் கும்பகோணம் பக்கத்தோட சம்பந்தத்தை இங்கயே சொல்லிடணும், ஏன்னா குழலை ஒரு முழுக் கச்சேரி வாத்தியமா ஆக்கினவர்னு எல்லாரும் கும்பிடுற சரப சாஸ்திரியும் கும்பகோணத்துக்காரர்தான். 1872-ல பொறந்து 1904-ல போயிட்டார், மொத்தமே முப்பத்திரண்டு வயசு, அதுவும் குழந்தையிலயே கண் பார்வை போனவர். அதுக்கு முன்னாடி குழல்னா கிருஷ்ணன் கையில இருக்கிறது, சிற்பத்துல இருக்கிறது, கூட்டத்தோட சேர்ந்து வாசிக்கிறது. தனியா மேடையில உக்காந்து ஆலாபனை, கிருதி, ஸ்வரம்னு முழுக் கச்சேரி பண்ணலாம்னு காட்டினது அவர். அவரோட சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ், மாலி சின்னப் பையனா இருந்தப்ப குழல்னாலே சஞ்சீவ ராவ்தான்.

மாலிக்கு வீட்ல குழல் சொல்லித் தரணும்னு யாரும் நினைக்கல. மாமா ஜால்ரா கோபால ஐயர் ஊர்ல பாட்டுப் பள்ளிக்கூடம் மாதிரி நடத்திட்டு இருந்தார், பையனுக்கும் வாய்ப்பாட்டுதான். பையன் என்னடான்னா அங்க கிடந்த குழலை எடுத்துத் தானா ஊத ஆரம்பிச்சுட்டான், மத்த பசங்களுக்குச் சொல்லிக் குடுத்த பைரவி வர்ணத்தை அப்படியே வாசிச்சதைக் கேட்டு மாமா அசந்து போனார்னு சொல்வாங்க. அப்ப வயசு அஞ்சு. ஏழு வயசுல, 1933-ல, மயிலாப்பூர் தியாகராஜர் உற்சவத்துல முதல் கச்சேரி. வயலின் வித்வான் பரூர் சுந்தரம் ஐயரும் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயரும் கேட்டுட்டு அந்தப் பொடியனுக்குப் பொன்னாடை போர்த்தினாங்க.

ஏழு வயசுப் பையனோட கையை நினைச்சுப் பாருங்களேன். எனக்கு இந்த வயசுல கூட மோதிர விரலுக்கு ஆறாவது துளை எட்ட மாட்டேங்குது, எட்டினாலும் ஓரத்துல ஒரு சின்ன இடுக்கு விட்டுப்போய்க் காத்து கசியுது. இதுல ஒண்ணு முக்கியம், அவருக்குக் குழலுக்குன்னு ஒரு குரு கிடையாது. குரு இல்லேன்னா என்னாகும், இந்த விரலை இப்படித்தான் வைக்கணும்னு சொல்ல ஆள் இருக்காது. அவர் காதுல இருந்தது பாட்டு. வாய்ப்பாட்டுக்காரங்க பாடுறது குழல்ல அப்படியே வரணும், அதுக்கு விரலை எப்படி வச்சா வருதோ அப்படி வச்சார். என்னைக் கேட்டா அவரோட மொத்த சாதனையும் இங்கதான் ஆரம்பிக்குது.

அதுவரைக்கும் குழல் வாசிப்புல துத்துகாரம் அதிகம். அதாவது நாக்கால தட்டித் தட்டி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா வெட்டி ஊதுறது. வேகமா வாசிக்கும்போது முத்து முத்தா வந்து விழும், அது ஒரு அழகு, அதைக் குறைச்சு சொல்லக் கூடாது. ஆனா நம்ம பாட்டோட உயிர் கமகத்துல இருக்கு, கமகம்னா ஸ்வரம் ஒரு இடத்துல நிக்காம பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் தொட்டு ஆடுறது. வீணையில தந்தியை இழுத்தா வந்துடும். வயலின்ல விரலை நகர்த்தினா வந்துடும். குழல்ல துளை இருக்குமிடத்துலதான் இருக்கு, அதை இழுக்கவும் முடியாது நகர்த்தவும் முடியாது. அப்ப விரலைத்தான் ஏதாவது பண்ணணும்.

மாலி பண்ணினது அதுதான். விரல் நுனியால துளையை டப்பு டப்புன்னு மூடித் திறக்காம, விரலோட சதைப் பகுதியை வச்சு, துளை மேல கொஞ்சம் கொஞ்சமா உருட்டித் திறக்கறது, அரைவாசி மூடறது, கால்வாசி மூடறது. கிளி கொம்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி விரல் குழலைப் பிடிச்சிருக்கும், அதனால இதைக் கிளிப்பிடின்னே சொல்றாங்க. அப்புறம் குறுக்கு விரல் முறை, அதாவது மேல இருக்கிற துளையைத் திறந்து வச்சுட்டுக் கீழ இருக்கிறதை மூடறது, நேரா வரிசையா மூடிக்கிட்டே போறதுக்குப் பதிலா. ஒரே ஸ்வரத்துக்கு ரெண்டு வழி கிடைச்சா, எந்த ஸ்வரத்துல இருந்து வர்றோம் எங்க போறோம்ங்கிறதைப் பொறுத்து எது வழுக்கிக்கிட்டுப் போகுமோ அதை எடுத்துக்கலாம் இல்லையா. இதோட ஊதுற பலத்தைக் கூட்டிக் குறைச்சு அதே ஸ்வரத்துக்குள்ளயே வெளிச்சம் நிழல் மாதிரி ஏத்தி இறக்கறது. குழலும் சுவர் கொஞ்சம் தடிமனா இருக்கிற மூங்கில், சத்தம் கனமா, வட்டமா வரும்.

தோடி ராகத்துல வர்ற காந்தாரத்தை, அதாவது க-வை, எடுத்துக்கோங்க. தோடியில க ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, கீழ ரி-க்கும் மேல ம-வுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ரி சுத்த ரிஷபம், முதல் துளையை மூடி ரெண்டாவதை அரைவாசி திறந்தாத்தான் வரும். மேல போனா ம, நான் முதல்ல சொன்ன அந்த ஆறு விரல் சமாசாரம். இப்ப இந்த ரெண்டுக்கும் நடுவுல, வெட்டு தெரியாம, கீச்சு இல்லாம, மூச்சும் உடையாம ஊஞ்சல் ஆட்டணும். அஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணிட்டு மாலியோட ஒரு தோடி ஆலாபனையைப் போட்டுக் கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். குழலைக் கீழ வச்சுட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், வீட்ல லைட் கூடப் போடல.

அவர் நிறைய இடங்கள்ல ரொம்ப நிதானமா வாசிப்பார். ஒரு சொற்றொடர் வாசிச்சுட்டு அப்படியே விட்டுடுவார், தம்புரா மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும், அடுத்தது எங்க இருந்து வரும்னு நமக்குத் தெரியாது. முதல்ல எனக்கு இது பொறுமையைச் சோதிச்சுச்சு, உண்மையைச் சொல்றேன். ஊத ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, விளம்பத்துல வாசிக்கறது வேகமா வாசிக்கறதை விடப் பல மடங்கு கஷ்டம். மெதுவா ஊதும்போது ஒளிய இடமே கிடையாது. சுருதி ஒரு இழை கீழ இருந்தா கேக்கும், மூச்சு நடுங்கினா கேக்கும், விரல் தயங்கினா கேக்கும். அந்த மௌனமும் வாசிப்புதான், மூச்சை எங்க வாங்கணும்ங்கிறதை சாகித்யத்தோட வார்த்தை பிரியற இடத்துல வச்சிருக்கார், நடுவுல எங்கயும் வார்த்தையை உடைக்க மாட்டார். கிருதி தெரிஞ்சவங்க அவர் வாசிக்கும்போது கூடவே வரியைப் பாடிக்கிட்டே போகலாம்.

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலின்னு அந்தக் காலத்துப் பெரிய மேதைகள் எல்லாம் அவருக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்காங்க. அவரே வயலினும் வாசிப்பார். கடைசிக் காலத்துல சில வருஷம் அமெரிக்காவுல இருந்தார், திரும்பி வந்தார், பத்ம பூஷண் குடுத்தப்ப வேண்டாம்னுட்டார், 1986 மே 31 காலமானார். அறுபது கூட நிறையல.

ஏழு வயசுல மேடையேத்தி, அதுக்கப்புறம் ஊர் ஊரா கூட்டிக்கிட்டுப் போய், எல்லாரும் அதிசயம் அதிசயம்னு பார்த்த ஒரு பையன், பெரியவனானதும் மேடையோட ஒரு சண்டையிலயே இருந்தான்னா அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. இது என் அபிப்பிராயம்தான். ஆனா வாசிக்க உக்காந்தப்ப அவர் ஒரு ஸ்வரத்தைக் கூட அலட்சியமா ஊதினதா எனக்குக் கேக்கல. நான் கேட்டது பதிவுகள்ல மட்டும்தான், நேர்ல கேட்டவங்க பாக்கியசாலிங்க.

மாலியைப் பத்திப் பேசிட்டு அவரோட சிஷ்யர் என். ரமணியை விட்டா அது பெரிய தப்பு. 1934-ல திருவாரூர்ல பொறந்தவர், தாத்தா ஆழியூர் நாராயணசாமி ஐயர்கிட்ட முதல் பாடம், அப்புறம் மாலிகிட்ட, மாலி இவருக்கு மாமா முறை. (குழல் வாசிச்ச சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா குடும்பமும் ஆழியூர்தான், அவங்க அப்பா ஆழியூர் நடேச ஐயர் மிருதங்க வித்வான். நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு சின்ன ஊர், எத்தனை குழலைக் குடுத்திருக்கு பாருங்க.) மாலி காட்டுல தனியா ஒரு வழி வெட்டினார்னா அதுல மத்தவங்களும் தினம் நடக்கலாம்னு நடந்து காட்டினவர் ரமணி. குருவோட அந்தப் பாடுற வாசிப்பு அப்படியே இருக்கும், அதோட ஒரு ஒழுங்கு, வருஷக்கணக்கா சீசன் தவறாம கச்சேரி, நிறைய சிஷ்யர்கள். லால்குடி ஜெயராமன் வயலின், ஆர். வெங்கட்ராமன் வீணை, இவர் குழல்னு மூணு பேரும் சேர்ந்து 1966-ல ஆரம்பிச்ச அந்த வேணு-வயலின்-வீணை கச்சேரிகளைக் கேக்காதவங்க தயவுசெஞ்சு இன்னிக்கே தேடிக் கேளுங்க. மூணு வாத்தியம் ஒரே கிருதியை வாசிக்குது, ஒண்ணு இன்னொண்ணை முந்தறதில்ல.

ரமணி இன்னொண்ணும் பண்ணினார், நீளக் குழலை நம்ம கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். வடக்க பன்சூரின்னு நீளமா கனமான குரல்ல வாசிக்கிறாங்களே, அந்த ஆழம் நம்ம ராகத்துக்கும் வேணும்னு நினைச்சிருக்கார். குழல் நீளம் ஆக ஆகச் சுருதி இறங்கும், துளைக்குத் துளை தூரம் கூடும், விரலை இன்னும் விரிக்கணும், அதுல கமகம் பண்ணணும்னா அந்த உருட்டு இல்லாம முடியவே முடியாது. பன்சூரி மேதை ஹரிபிரசாத் சௌராசியாவோட சேர்ந்து ஜுகல்பந்தி எல்லாம் வாசிச்சிருக்கார். 1996-ல மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் குடுத்தது. 2015 அக்டோபர் 9 காலமானார், அன்னிக்கு எங்க வாத்தியார் கிளாஸ் எடுக்கலையாம், மாணவர்களை உக்கார வச்சு ஒரு கேசட்டைப் போட்டுட்டு அவரும் உக்காந்துட்டாராம்.

எங்க வாத்தியாரைப் பத்தி ரெண்டு வார்த்தை. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார். பாட்டு கத்துக்கறவங்க வழக்கமா ஆரம்பிக்கிற மாயாமாளவகௌளை ராகத்துல எனக்கு ஆரம்பிக்கல, ஹரிகாம்போதி ராகம்தான். "குழல் தானா பேசுறது ஹரிகாம்போதிதான் சார், முதல்ல அது பேசுறதைக் கேளுங்க, நீங்க பேசறது அப்புறம்"னார். நிஜம்தான், ச-வை ரெண்டு விரல்ல வச்சுக்கிட்டு துளையை ஒவ்வொண்ணா முழுசா மூடித் திறந்தா வர்றது ஹரிகாம்போதி ஸ்வரங்கள்தான், அரைத் துளையே வேண்டாம். மோகனம், காம்போதி எல்லாம் குழல்ல அவ்ளோ இயல்பா உக்காருதுன்னா அதுக்குக் காரணம் இதுதான். முதல் மூணு வாரம் எனக்கு வெறும் காத்துதான் வந்தது, தலை கிறுகிறுன்னு சுத்தும். உதட்டைக் கொஞ்சம் உருட்டி, துளையோட எதிர் விளிம்புல காத்து பட்டுப் பிரியணும், அந்த ஒரு கோணம் கிடைக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல, கிடைச்சவுடனே குழல் பூரா அதிரும், விரல் நுனியில அந்த அதிர்வு தெரியும். முதல் தடவை தெரிஞ்சப்ப நான் பயந்து குழலை எடுத்துட்டேன்.

குழலைப் பத்தி வெளிய தெரியாத ஒரு கஷ்டத்தையும் சொல்லிடறேன். குழலுக்கு ஸ்ருதி கூட்ட முடியாது. வயலின்காரர் பிரடையைத் திருகலாம், மிருதங்கக்காரர் கல்லால தட்டலாம், குழல்காரருக்கு மூங்கில் என்ன குடுக்குதோ அதுதான். ஏசி அரங்கத்துல குளிர்ல குழல் சுருதி இறங்கிடும், ஊத ஊத உள்ள காத்து சூடாகி மேல ஏறும், அதைப் பூராவும் உதட்டாலயும் ஊதுற கோணத்தாலயும் சமாளிக்கணும், கேக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. அதனாலதான் கச்சேரிக்கு முன்னாடி அவங்க குழலுக்குள்ள சும்மா ஊதிக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொரு கட்டைக்கும், அதாவது ஒவ்வொரு சுருதிக்கும், ஒரு குழல் வேணும், அதனால பை நிறைய குழல். வெயில்ல வெடிச்சா நூலால இறுக்கிச் சுத்தி வச்சிருப்பாங்க. எங்க வாத்தியார்கிட்ட ஒரு அஞ்சு கட்டைக் குழல் இருக்கு, மூணு இடத்துல சிவப்பு நூல், முப்பது வருஷமா அதுதான்.

போன ஞாயித்துக்கிழமை சாதகம் பண்ணிக்கிட்டு இருந்தேன். க, ம, க, ம, அதே இடம். ஆறு விரலையும் தூக்கித் தூக்கிப் போடறேன், கீச்சு. வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்துச்சு, "விரலைத் தூக்காதீங்க சார், குழலை விட்டுப் பிரியக் கூடாது, உருட்டுங்க." மெதுவா உருட்டினேன், ஒரு தடவை சரியா வந்துச்சு, ஒரே ஒரு தடவை.

அப்பா உள்ள ரூம்ல படுத்திருந்தார். எண்பத்தி ரெண்டு வயசு, இப்ப அதிகம் பேசறதில்ல. எழுந்து வந்து நாற்காலியில உக்காந்தார். நான் சும்மா கேட்டேன், "ஏம்ப்பா, மாலி மாலின்னு அத்தனை கதை சொல்லுவியே, அவர் வாசிச்சதுல உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. மறந்துட்டார் போலன்னு நினைச்சு நான் மறுபடி குழலை எடுத்தேன். அப்பதான் அவர் கண்ணை மூடிக்கிட்டு, குரலே இல்லாத குரல்ல, தோடி காந்தாரத்தை மட்டும் ஆட்டினார், கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ. வலது கை விரல் நாற்காலிக் கைப்பிடி மேல மெதுவா உருண்டுகிட்டு இருந்துச்சு. அப்பா வாழ்க்கையில குழலைத் தொட்டதே கிடையாது.

"இப்படித்தான்டா இருக்கும்"னார். அவ்வளவுதான், எழுந்து உள்ள போயிட்டார்.